பூஜ்ஜியம் போடச் சொன்னவர்

என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் கைடை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்கிறவர்களுக்கு நல்ல கைடு வாய்த்திருப்பார்.

இப்போது டேட்டா சயின்ஸ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்த அப்போது அதை டேட்டா மைனிங் என்றார்கள். கல்லூரி கூடுவாஞ்சேரி தாண்டி, என் வீடு திருக்கழுக்குன்றத்தில். பஸ் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பிறகு அப்பா ஒரு பள்ளிக்கு வாட்ச்மேனாகவும் அம்மா வீட்டு வேலைக்கும் போனார்கள். எங்கள் தெருவில் எம்.எஸ்சி. வரை வந்தவள் நான் ஒருத்திதான். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் தேறினால் பட்டம், தேறாவிட்டால் ஒரு வருடம் போச்சு. அந்த ஒரு வருடத்தைத் தாங்க எங்கள் வீட்டுக்குத் தெம்பில்லை.

கூடப் படித்தவர்கள் இணையத்தில் கிடைத்த டேட்டாவை இறக்கிக்கொண்டார்கள். நான் மாமல்லபுரம் போனேன். அங்கே குப்பத்தில் மீன் ஏலம் விடும் அக்கா ஒருவர், அம்மாவுக்குப் பழக்கம். தினமும் கரைக்கு எத்தனை கூடை வந்தது என்பதை மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் எழுதி வைப்பார். ஐந்து வருடக் காலண்டர்கள் ஒரே ஆணியில் தொங்கின. சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவற்றை நோட்டில் எழுதினேன். புயல், மழை என்று கடலுக்குப் போகாத நாட்களைக் கோடு போட்டு அடித்திருந்தார், அந்தத் தேதிகளை நோட்டில் சேர்க்கவேயில்லை. சில கட்டங்கள் மட்டும் வெறுமனே காலியாக இருந்தன. ஏன் என்று கேட்டேன்.

"அன்னிக்கு குப்பத்துல சாவு. சாவு வுழுந்தா ஒருத்தரும் கடலுக்குப் போவமாட்டாங்க" என்றார்.

அந்தத் தேதிகளுக்கு நேரே, நோட்டின் ஓரத்தில், இறந்தது யார் என்று எழுதிக்கொண்டேன். அவற்றில் ஒன்று அவர் கணவர் இறந்த நாள்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டிருந்தேன். கைடு எட்டிப் பார்த்தார்.

"காலியா விடாதம்மா, ப்ரோக்ராம் ஏத்துக்காது. பூஜ்ஜியம் போடு."

சார், அன்றைக்கு மீன் இல்லாமல் இல்லை, அவர்கள் போகவேயில்லை என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். சொன்னபடி போட்டேன். ஃப்ளாப்பியை வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். நோட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து நூலகத்தில் ஒரு கருத்தரங்கத் தொகுப்பைப் புரட்டினேன். என் அட்டவணை, என் கடற்கரை, அவர் பெயர். அவர் பெயர் மட்டும். காற்றையும் நிலவையும் வைத்து மீன்பாடே இல்லாத நாளை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று கட்டுரை. அவர் அறைக்கு நேரே போய் என் பெயர் எங்கே சார் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இது இப்ப பப்ளிஷ் ஆன பேப்பர். இதே டேட்டாவை நீ ப்ராஜெக்ட்டா குடுத்தா காப்பியடிச்சதா ஆயிடும். வேற ஏதாவது பண்ணு."

என் வீட்டுப் பொருளை என்னிடமிருந்தே நான் திருடக் கூடாதாம். ரயிலில் கூட்டத்துக்கு நடுவே நின்றபடி அழுதேன். விஷயம் தெரிந்த அம்மா, பொறுத்தார் பூமி ஆள்வார் என்றாள். எனக்குப் பூமி வேண்டாம், வைவா நடக்கும் கால் மணி நேரம் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுபட்ட மதிப்புகளை எப்படிக் கையாள்வது என்று புதிய தலைப்பு எழுதிக்கொடுத்தேன். எங்கள் துறையில் கைடுகள் கையெழுத்துப் போடும் விதம் ஒன்று உண்டு: கட்டாக அடுக்கி, கீழ் ஓரத்தை மட்டும் விரித்து, சீட்டாட்டக்காரர் சீட்டைத் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டே போவார்கள். என் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் போட்டார். உள்ளே ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வைவாவுக்குச் சென்னையிலிருந்து வெளித்தேர்வாளர் வந்தார். கைடு டை கட்டி வந்து, வந்ததும் வராததுமாகத் தன் கட்டுரையின் பிரதியை அவர் கையில் கொடுத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில் முதல் ஷீட்டை வைத்தேன்: தேதியும் பூஜ்ஜியமும். அதன்மேல் இரண்டாவதை வைத்தேன். ஒவ்வொரு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலும் என் நோட்டில் இருந்த சாவு.

தேர்வாளர் திரையைப் பார்த்தார், கையிலிருந்த கட்டுரையைப் பார்த்தார். இதே தேதிகள்தானே என்று என்னைக் கேட்டார். கட்டுரையைப் பற்றி சார்தான் சொல்ல வேண்டும் என்றேன், ரொம்பப் பணிவாக. அவர் கைடு பக்கம் திரும்பி, உங்கள் மாடல் எந்த நாளைத்தான் முன்கூட்டிச் சொல்கிறது என்று கேட்டார். மீன்பாடு இல்லாத நாளை என்று கைடு முனகினார்.

"இல்ல சார், குப்பத்துல யாராவது சாகுற நாளை" என்றேன்.

கைடின் முகத்தை நான் அவசரப்படாமல் பார்த்தேன். அதற்குத்தானே அவ்வளவு நாள் காத்திருந்தேன்.

கைடு தன் கையிலிருந்த இன்டர்னல் மார்க்கில் முடிந்தவரை வெட்டினார். தேர்வாளர் போட்ட மார்க் என்னைக் கரையேற்றியது. சிறுசேரியில் வேலையும் கிடைத்தது. முதல் சனிக்கிழமை ஸ்வீட் பாக்ஸோடு குப்பத்துக்குப் போய் அக்காவிடம் கதை முழுவதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு நாளும் அதுல கீதா?"

இருக்கிறது என்றேன். வாத்தியார் கட்டுரையிலுமா என்றார். அதிலும்தான், மீனே இல்லாத நாள் என்று, என்றேன். அக்கா ஆணியில் தொங்கிய காலண்டர்களைப் புரட்டி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"அன்னிக்கு கடலு நல்லாத்தான் இருந்துச்சு. மீனு கரையாண்டயே துள்ளிகினு இருந்துச்சு. அவருக்காவ ஒரு படகு எறங்கல. அத்த அந்தாளுகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. மீன் துள்ளியது வைவாவின்போது எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை ஒரு தபால் அட்டை வாங்கி, அக்கா சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதி, கல்லூரி முகவரிக்கு அனுப்பினேன். கவரில் போட்டால் அவர் மட்டும் படிப்பார். அட்டை என்றால் ஆபீஸ் ப்யூன் முதல் பிரின்சிபால் வரை படிப்பார்கள். அடியில் என் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினேன்.