ஆத்தா வழுக்கி விழுந்த கரை

துடைத்த ஈரம் காயாத தரையில் கால் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் பதறி ஓடிவந்தாள். எனக்கோ சிரிப்பு வந்தது. நான் பிறந்த கட்டுமாவடிக் கடற்கரை கண்முன் வந்துவிட்டது.

ஊருக்கு இன்ஜின் படகு வராத காலம் அது. அன்று காற்று திரும்பி அலை ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் வள்ளத்தை உடனே மேட்டுக்கு ஏற்றாவிட்டால் அலை உடைத்துப் போட்டுவிடும். கயிறு கட்டி எத்தனை பேர் இழுத்தும் அது மணலைக் கவ்விக்கொண்டு அசையவே இல்லை. உதவிக்கு ஓடிவந்த என்னைப் பெற்ற ஆத்தா, கரை ஒதுங்கி அழுகிக் கிடந்த கடல்புல்லில் கால் வைத்தாள். சர்ரென்று சறுக்கிப்போய் மல்லாந்து விழுந்தாள். ஆண்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

ஆத்தா எழுந்து சேலையைக்கூட உதறவில்லை. தான் சறுக்கிய தடத்தையே பார்த்தாள்.

"சிரிச்சது போதும். இந்தப் புல்லை அள்ளி வள்ளத்துக்கு அடியில போடுங்க. என்னையவே இந்த இழுப்பு இழுத்துச்சே!"

முனகிக்கொண்டே போட்டார்கள். முன்பு இழுத்த அதே பலத்தோடு இழுத்தார்கள். வள்ளம் அந்த நாற்றப் புல்லின்மேல் வழுக்கி மேலேறிய வேகத்தில், சிரித்தவர்கள் அத்தனை பேரும் கயிற்றோடு மல்லாந்தார்கள்.

"விழப் பாத்தீங்களே, என்னம்மா சிரிப்பு?" என்றாள் மகள்.

"எங்க ஆத்தா வழுக்கி விழுந்துதான்டி ஒரு வள்ளமே கரையேறுச்சு."