மண்ணைத் தொடாத டின்கள்

"ஏளா அமலோற்பவம், யாரக் கேட்டு இதெல்லாம் நட்ட?" என்று அம்புரோஸ் அண்ணாச்சி கேட்டார். அவர் சரக்குகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியின் மேஸ்திரி. 1975 மார்கழியில் ஒரு காலை. கிட்டங்கிக்குச் சொந்தமான எங்கள் லைன் வீடுகளின் சுவரோரம் பால்பவுடர் டின், கிரீஸ் டப்பா, வாய் உடைந்த பானை என இருபதுக்கு மேல் நின்றன.

நடவில்லை, விதைதான் போட்டிருக்கிறேன் என்றார் அமலோற்பவம் அக்கா. இரண்டும் ஒன்றுதான் என்றார் அண்ணாச்சி. இன்று செடி, நாளை வேலி, மறுநாள் இடமே என்னுடையது என்பாய் என்றார்.

"மண்ணு ஸ்ரீவைகுண்டத்து மண்ணு. டின்னு குப்பையில கெடந்தது. இதுல ஒங்க மொதலாளிக்கு எது சொந்தம் அண்ணாச்சி?"

"டின்னு எங்கன நிக்கி? அதச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடச் சொல்லிவிட்டு அவர் போனார்.

அக்கா மணப்பாட்டில் பிறந்தவர். கிட்டங்கியில் கிழிந்த சாக்குகளைத் தைப்பது வேலை. கணவர் தோணியில் கொழும்புக்குப் போனால் திரும்ப மாதமாகும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கீரை விற்க வரும் பேச்சித்தாயின் பழைய சாக்குகளைத் தைத்துக் கொடுத்து, பதிலுக்கு ஆற்று வண்டல் வாங்கினார். எங்கள் கடலோரத் தரையில் போட்ட விதை இரண்டு இலை விட்டு உப்பில் வெளுத்துப்போகும். ஆடியில் டின்னில் போட்டுப் பார்த்தார். வெயிலில் டின் கொதித்து வேர் வெந்தது. கருவாட்டு டின்னை மூன்று முறை கழுவி விதை போட்டும் முளைக்கவில்லை. உப்பளத்தில் கத்தரிக்காய் காய்க்கப் போகிறது என்று பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் ஊரெல்லாம் சொன்னாள். கடைசியில் மார்கழிதான் கைகொடுத்தது. டின் சுடவில்லை, இரவெல்லாம் பனி இறங்கியது, பிடித்து வைத்த மழைநீரும் இருந்தது. கத்தரியும் மிளகாயும் நாலு இலை விட்டு நின்றன.

அக்காவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அன்று மாலை, பள்ளி விட்டு வந்த என்னைக் கூப்பிட்டு, கிட்டங்கிக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். 'கிட்டங்கி மண்ணில் எதையும் நடக் கூடாது.'

"மண்ணிலன்னுதான போட்டிருக்கு?" என்றார்.

மறுநாள் ஒவ்வொரு டின்னின் கீழும் இரண்டு செங்கல் இருந்தது. ஞாயிறன்று வந்த அண்ணாச்சி குனிந்து, டின்னுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

முதலாளி சிரிக்கவில்லை. புதன்கிழமை ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. ஒரு வாரத்தில் டின்களை எடுக்க வேண்டும், அல்லது வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அக்கா ஒரு நாற்றின் அடியிலிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வீட்டையும் விடுவதாக இல்லை, செடியையும் விடுவதாக இல்லை என்றார். ஆங்கிலத்திலேயே பதில் எழுதச் சொன்னார்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி எழுதினேன். மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்திருந்தேன். அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அவர் களை பிடுங்குவதை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. செங்கல் மேல நிக்கி, மண்ணத் தொடலன்னு எழுதியிருக்கல்ல, அது போதும். அந்தத் தாழ்மைய மட்டும் அடிச்சிரு."