பிரேக் பார்த்தவன் குடும்பத்துக்கு முன் சீட் ஓசி

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன். வாசலிலேயே ஞானமுத்து அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவர். எங்கள் பஸ் ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு அவர் மகளைப் பெண் கேட்டிருக்கிறார்கள். அவனும் என்னைப் போல பஸ்ஸைப் பழுது பார்க்கும் ஒரு பிட்டர்.

"ஓய், இந்த பிட்டர் வேலையில என்னவே நன்மை? ஒளிக்காமச் சொல்லும்."

சொன்னேன். மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் கூரைக்கு அடியில் வேலை. கை கறுப்பாக இருந்தாலும் ஊரில் ஒரு மரியாதை. நாகர்கோவிலில் பஸ் பெருகப் பெருக நம்மைத் தேடி வருவார்களே தவிர, நாம் யாரையும் தேடிப் போக வேண்டாம்...

அண்ணாச்சிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை.

"அது கெடக்கட்டும். பெஞ்சாதி பிள்ளையோட ஓசியில பஸ் சவாரி உண்டும்லா? முன் சீட்டுல! அதச் சொல்லும்."

உண்டு. மறுநாள்கூட ஒரு சவாரி இருந்தது. குலசேகரம் வரை.

அந்தச் சலுகை எப்போது கிடைக்கும் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எஞ்சினைப் பிரித்து மாட்டினால் ஓசி கிடையாது. டயர் மாற்றினால் கிடையாது. விளக்கு, ஹாரன்... எதற்கும் கிடையாது. பிரேக்கைச் சரி செய்தால் மட்டும் எங்கள் முதலாளி அன்பாகத் தோளைத் தட்டுவார். "முத டிரிப்புல நீரும் போவும். வீட்டுக்காரியையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போவும். காத்தாட முன்னால இருக்கட்டும்!"

எவ்வளவு தாராள மனசு பார்த்தீர்களா?

சனிக்கிழமை நான் பிரேக் பார்த்த வண்டி அது. திங்கள் காலையில் என் மனைவி தங்கம்மை கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, முந்திரிக்கொத்துப் பலகாரத்தை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, மகள் எஸ்தரின் கையைப் பிடித்தபடி ஏறினாள். தெருவே வந்து பார்த்தது. எஸ்தர் எல்லாருக்கும் கையாட்டினாள். எனக்குக் கை எழவில்லை.

டிரைவர் மைதீன் கோட்டாறுக்காரர். கெட்டிக்காரர், வேகக்காரரும்கூட. வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் நான் இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தேன். தக்கலையில் ஒரு பெரியவர், "என்ன தம்பி, வண்டிக்கு என்னமும் கேடா?" என்றார். "சும்மா பாக்கேன்" என்றேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தக்கலை தாண்டினால் ரோடு ஏறும், இறங்கும். குலசேகரத்துக்கு முன்னால் ஒரு பெரிய இறக்கம். இறக்கத்தின் அடியில் ரோடு சட்டென்று திரும்பும். திரும்பாமல் நேரே போனால் குளம். ஆழமான குளம்.

வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. பின்னைப் போட்டேன்... காலை மடக்கினேனா?

பிரேக் கம்பியைப் பூட்டும் இடத்தில் ஒரு சின்ன பின் உண்டு. வெளியே நின்று குனிந்தால் தெரியாது, அடியில் நுழைந்துதான் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி மாதிரி இரண்டு காலோடு இருக்கும். உள்ளே செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட வேண்டும். மடக்காவிட்டால் குலுங்கிக் குலுங்கி நழுவிவிடும். பின் போனால் கம்பி கழன்றுவிடும். கம்பி கழன்றால் பிரேக் இல்லை.

மடக்கினேன். மடக்கியிருப்பேன். கை மடக்கியது ஞாபகம் இருக்கிறது... ஆனால் அது இந்த வண்டியா, அதற்கு முந்தின வண்டியா?

வண்டியை நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் "என் வேலை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை" என்று சொன்ன மாதிரி. சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். அப்புறம் வேலை ஏது? சொல்லாவிட்டால்... மடியில் எஸ்தர். நான் மைதீனின் பிரேக் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டின் உச்சி தெரிந்தது.

"டிரைவரண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க! பிள்ளை ஓங்காரிக்குது!"

தங்கம்மைதான். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு இறங்கினாள். "எனக்கு ஒண்ணும் வரல்லியே!" என்று எஸ்தர் கத்தினாள். தங்கம்மை அவள் வாயைப் பொத்தி, என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "போய் பாத்துட்டு வாங்க."

அடியில் நுழைந்தேன். பின் இருந்தது. இரண்டு காலும் அழகாக மடங்கி இருந்தன. அந்தக் கிரீஸையே தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

வெளியே வந்து கேட்டேன். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பிரேக்கு நன்னாக்குனா மட்டுந்தான் நமக்கு ஓசி. இது கூடவா எனக்குப் புரியாது?"

"பின்ன எதுக்கு ஒவ்வொரு தடவையும் கல்யாணச் சேலையைக் கட்டிட்டு ஏறுதே?"

"வீட்டுல தனியா இருந்து பயப்படதுக்கு, உங்க பக்கத்துல இருந்தே பயப்படலாம்லா?" என்றாள். இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாமல் நான் மட்டும் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேனே!

இறக்கத்தில் மைதீன் பிரேக்கை மிதித்தார். பிடித்தது. குளம் வலது பக்கமாக ஒதுங்கிப் போனது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். "அந்த ஓசி சவாரி எம் மவளுக்கும் உண்டும்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கம்மை முந்திக்கொண்டாள். "உண்டு அண்ணாச்சி. ஆனா, டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் நல்லாத் தூங்கிட்டு வருவாங்க. ஓசியில ஏறினவ மட்டும் கண்ணை மூட முடியாது. உங்க மவகிட்ட கேட்டுப் பாருங்க."

கேட்டிருக்கிறார். பெண்ணுக்குச் சம்மதமாம். இன்னும் பஸ்ஸில் ஏறவில்லை, பாவம்!