பந்து என்று சொல்லப்பட்ட சிலிக்கன்

இருபத்தேழு வயதில், கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், கொழும்பிலிருந்து சிட்னிக்கு வரும் வழியில் ஒரு நகரத்தில் இறங்கி, அறுவை செய்து, உள்ளே சிலிக்கன் வைத்து என் மூக்கை உயர்த்திக்கொண்டேன். படம் பார்த்து ஓம் சொன்ன பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பான மாப்பிள்ளையாகப் போய் இறங்க ஆசை. படத்தில் இருந்த மூக்குக்குத்தான் அவள் ஓம் சொன்னாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. வீக்கத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம் கிரிக்கெட் பந்து பட்டது என்றேன்.

அந்தச் சிலிக்கன் துண்டும் (மூக்கை உயர்த்தத் தோலுக்கடியில் வைக்கும் செயற்கைப் பொருள்) நானும் இருபது ஆண்டுகள் சண்டையில்லாமல் வாழ்ந்தோம். பிறகு ஒரு காலை, சவரம் செய்யும்போது மூக்கு நுனி சிவந்திருந்தது. தொட்டால் நொந்தது.

எங்கள் குடும்ப வைத்தியர் சிட்னியின் டூங்கபிப் பகுதியில் இருக்கும் தமிழர். தேவாலயத்தில், ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு வாங்கு (பெஞ்சு) முன்னால் இருப்பவர். அவர் யாருக்கும் எதுவும் சொல்லமாட்டார் என்று தெரியும். ஆனாலும் கோயில் முழுவதும் என் மூக்கைத் திரும்பிப் பார்ப்பதுபோல ஒரு பயம்.

"பீனிசம் போல கிடக்கு, டொக்டர்," என்றேன்.

மூக்கடைப்புக்கு மாத்திரை தந்தார். வீட்டில் ஆவி பிடித்தேன். சிவப்புப் போகும், வரும். இரண்டு வருடம் இப்படியே போனது. சிலிக்கனைச் சுற்றிக் கிருமி பிடித்த இடமெல்லாம் உள்ளே வடுவாகிச் சுருங்கி, நுனியை மேலே இழுத்தது. மூக்குத் துவாரங்கள் எதிரில் நிற்பவரை நேராகப் பார்க்கத் தொடங்கின. மூச்சு அடைத்தது, மணமும் போய்விட்டது.

ஒருநாள் காஸ் அடுப்பு எரியாமல் திறந்து கிடந்தது. குசினிக்குள் நின்ற எனக்கு எதுவும் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த மனைவி ஜெசிந்தாதான் ஓடிப்போய் மூடினாள். அன்றுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

அதன் பிறகு போய்ப் பார்த்த அறுவை மருத்துவர் கொரிய வழிவந்த பெண்மணி. ஆசிய நோயாளிகளின் இப்படிச் சுருங்கிய மூக்கைச் சீர்செய்வதில் தேர்ந்தவர். இந்த நாட்டில் ஆசியர் என்றால் வேறு யாரோ என்று நினைத்திருந்தேன். காத்திருக்கும் அறையில், முகக்கவசத்தைக் கழற்றாமல் இருந்த எல்லோரும் என் இனத்தார் என்று விளங்கியது.

"முன்பு மூக்கில் ஏதாவது செய்திருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்துக் கதிரையில் ஜெசிந்தா.

"கிரிக்கெட் பந்து பட்டது."

அவர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். "பந்து இன்னும் உள்ளேயே இருக்கிறதே."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

முதலில் துண்டை எடுக்க வேண்டும். ஆறு மாதம் ஆறவிட்டு, விலாவிலிருந்து குருத்தெலும்பு (காது மடலில் இருப்பது போன்ற, வளையும் எலும்பு) எடுத்து மூக்கை நீட்ட வேண்டும். தோல் இளகாவிட்டால் நுனி கறுத்துச் செத்துப்போகவும் கூடும். "பழைய மூக்குத் தெரியும் படம் ஒன்று கொண்டுவாருங்கள்," என்றார்.

அந்தக் காலத்துப் படங்களை எல்லாம் நானே கிழித்துவிட்டேன். மிஞ்சியது கல்யாணப் பேச்சுக்கு அனுப்பிய படம். அது அவளிடம். காரில் கேட்டேன். மூன்றாம் நாள் அதைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்த மூக்குக்குத்தான் நான் ஓம் சொன்னனான். எயார்போட்டில வேற ஒருத்தர் வந்து இறங்கினார்."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டனான். பந்து எண்டீங்கள். மட்டை பிடிக்கத் தெரியாத மனிசனுக்கு எங்கால பந்து எண்டு இருபத்திரண்டு வருசமா யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

துண்டை எடுத்த பிறகு, தோல் இளகத் தினமும் பலமுறை மூக்கைக் கீழே இழுத்துவிடச் சொன்னார்கள். வேலைக்குப் போகும் ரயிலில் இழுத்தேன். எதிரில் இருந்த பெண்மணி வேறு பெட்டிக்குப் போனார். வீட்டுக்கு வந்தால், "இழுத்தாச்சோ?" என்பதுதான் ஜெசிந்தாவின் முதல் கேள்வி. அதைத் தவிர அவள் என்னோடு அதிகம் பேசாத மாதங்கள் அவை. அந்தக் கேள்வியை நம்பியே இழுத்தேன்.

இரண்டாவது அறுவைக்குப் பின் மூக்கைவிட விலாதான் வலித்தது. இருமினால் உயிர் போனது. நுனி ஊதா நிறத்தில் இருந்தது. மருத்துவர் தினமும் விரலால் அமுக்கி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். ஐந்தாம் நாள் திரும்பியது. "இந்தத் தோல் பிழைக்கும்," என்றார். ஜெசிந்தா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

என் நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மூக்குக்குள் என்ன இருக்கிறது என்பதை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் எத்தனையாவது வாங்கில் இருந்தாலும்.

வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடமாகுமாம். எனக்கு இது ஒன்பதாம் மாதம். கண்ணாடியில் இருப்பது படத்து மூக்கும் அல்ல, எயார்போட்டில் வந்து இறங்கியதும் அல்ல. ஆழமாக மூச்சிழுக்கையில் விலாவில் ஒரு சின்ன இழுப்பு. அதே மூச்சு அந்த விலாவின் துண்டைக் கடந்துதான் உள்ளே வருகிறது. முன்பு மூச்சு விட்டது எனக்கு ஞாபகமே இல்லை. இப்போது ஒவ்வொன்றும் வந்து சேர்வது தெரிகிறது. அதனாலேயே நாள் நீளமாகிவிட்டது போல இருக்கிறது.

போன வாரம் வேலையால் வந்து கதவைத் திறந்து, காலில் இருந்த சப்பாத்தை உள்ளேயே கழற்றினேன். மிளகாய் வறுக்கும் மணம் ஓடிவந்து முகத்தில் அடித்தது. கண் கலங்கிவிட்டது, மிளகாயாலும் இருக்கலாம்.

"ஜெசி, மணக்குது!" என்று கத்தினேன்.

அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "நல்லது. அப்ப முதல்ல அந்தச் சப்பாத்தைக் கொண்டுபோய் வெளியில வையுங்கோ. இவ்வளவு காலமும் நான் ஒருத்திதான் அதை மணந்துகொண்டிருந்தனான்."