மூன்றாவது சீட்டு

என் மகளைச் சாகக் கொடுக்க இருந்தவள் நான்தான். வியாதி இல்லை, நான். அதைச் சொல்லாமல் சபை முன்னால் இந்தச் சாட்சியை ஆரம்பித்தால் ஆண்டவருக்கே அடுக்காது.

போன வருஷம், 2006-இல் நடந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சபையில் பெண்கள் ஜெபக்குழுவுக்கு நான் தலைவி. கருவைக் கலைப்பது கொலை என்று மைக் பிடித்துப் பேசுவேன். கேட்டிருப்பீர்கள். என் மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது நான்கு வயதில் ஒரு பெண் இருந்தாள். இரண்டாவது தங்கியதும் ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம்.

"இதயத்துல வால்வு ரொம்ப சுருங்கியிருக்கும்மா. மாசம் ஏற ஏற தாங்காது. இப்பவே கலைச்சிட்டு, அப்புறம் வால்வுக்கு ஆபரேஷன் பண்றது நல்லது. ஒரு வாரத்துல முடிவு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

மருமகன் டேவிட், "கலைச்சிடலாம் அத்தே, எனக்கு அவ வேணும்" என்று அழுதான். "பாவி, உன் புள்ளைடா அது!" என்று ஏசினேன். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "நீ ஜெபம் பண்ணிட்டு வாம்மா. ஆண்டவர் இன்னா சொல்றாரோ அதான்" என்றாள்.

புது வருஷ ஆராதனையில் ஆளுக்கு ஒன்றாக வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போமே, வசனம் அச்சடித்த சின்ன அட்டை. மீந்துபோனவை என்னிடம்தான் இருந்தன. முழங்காலில் நின்று, கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். சமாதானத்தைப் பற்றி வந்தது. எனக்கு அது பதிலாகப் படவில்லை. இன்னொன்று எடுத்தேன். பயப்படாதே என்று வந்தது. எதற்குப் பயப்படக் கூடாது? பெறுவதற்கா, கலைப்பதற்கா? மூன்றாவதாக ஒன்று எடுத்தேன். கர்ப்பத்தின் கனியைப் பற்றிய வசனம்! "ஆண்டவர் பேசிட்டாருடி!" என்று அந்த ஒன்றை மட்டும் அவளிடம் நீட்டினேன். அவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று டேவிட்டிடம் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் கம்பெனி கேட்டுக்கும் கேன்டீனுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஜெபிக்க உட்கார்ந்தால் முதல் இரண்டு சீட்டும் கண்முன் வந்து நிற்கும். ஐந்தாம் நாள் ஸ்டெல்லா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். உதடு நீலமாக இருந்தது. "பாப்பாக்கு ஜடை இறுக்கிப் பின்னாதம்மா. தல வலிக்குதுன்னு அழுவா" என்றாள். ஐயோ! போய்விடுவோம் என்று தெரிந்தேதான் அவள் பிள்ளையை என்னிடம் ஒப்படைக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கொல்லைப்பக்கம் ஓடிப்போய் அழுதேன். ஆண்டவரே, குழந்தையைக் காப்பாற்றும் என்றுகூட அன்று கேட்க முடியவில்லை. நிஜத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடும் என்று மட்டும் கெஞ்சினேன். கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

"ஸ்டெல்லா, அது மொத சீட்டு இல்லடி. மூணாவது. எனக்குப் புடிச்சது வர்ற வரைக்கும் எடுத்தேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "என் உசுர வச்சி வெளாடிக்கினு இருந்தியா?" என்றாள். "நீயும் சொல்லாத, பாப்பா அப்பாவும் சொல்ல வேணாம். என்னைக் கொஞ்சம் தனியா உடு." கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வந்து, "சென்ட்ரலுக்கு ட்ரெயின் எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் கலைப்பதற்கான சம்மதப் பேப்பரில் நானும் டேவிட்டும் யார் கையெழுத்துப் போடுவது என்று தடுமாறிக்கொண்டிருந்தோம். நர்ஸம்மா பேப்பரை வாங்கி ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். "உங்க ரெண்டு பேரு கையெழுத்தும் வேணாம். அவங்க போட்டா போதும்." அவள் போட்டாள். சில மாதம் கழித்து வால்வு ஆபரேஷனும் நடந்தது. இன்று பாப்பாவை அவளே நடத்திக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். ஸ்தோத்திரம்.

இன்று காலையில் சபை வாசலில் ஒரு சகோதரி, "கொலைக்கு சாட்சி சொல்லவாக்கா வந்துக்கீறே?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நேற்றுவரை நானே கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். அது கொலையா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்காக அழுதுகொண்டுதான் இருக்கிறேன். ஸ்டெல்லாவும் அழுகிறாள். "ஆனா மறுபடியும் கேட்டா அதேதாம்மா செய்வேன்" என்கிறாள். நான் ஜெபக்குழுத் தலைவி பொறுப்பை விட்டுவிட்டேன்.

சகோதரிகளே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறவர். நமக்கு வேண்டியதை அவர் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நாள் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வைத்துக்கொள்வதானாலும் சரி, கலைப்பதானாலும் சரி, ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்கு வருகிறேன். போகிற வழியில் ஒரு புத்தியும் சொல்ல மாட்டேன்.