தோலுரித்த பிறகு

மனைவி போய்ச் சேர்ந்த மறு வருஷம், ஒரு நாய் வளர்க்கலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்புறம் அதையும் தூக்கிக்கொண்டு போய்ப் புதைக்க வேண்டும். அந்தச் சோலியே வேண்டாம், எனக்கு முன்னால் சாகாத ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றேன்.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர், காளவாசலில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து போவார். அவர் வீட்டில் ஓர் அறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் டாரண்டுலா வளர்க்கிறார். உள்ளங்கை அகலச் சிலந்தி, உடம்பெல்லாம் மயிர்.

"பொட்டைன்னா இருவது வருஷம் அசராம இருக்கும்ணே. சத்தம் கிடையாது. வாரத்துக்கு ரெண்டு கரப்பான் போதும்."

எனக்கு ஐம்பத்தெட்டு. இருபது வருஷம் தாராளம். பொட்டைதானா என்று மூன்று தடவை கேட்டேன். சின்னதில் பார்த்துச் சொல்வது கஷ்டம், ஆனால் பொட்டை மாதிரிதான் தெரிகிறது என்றார். எனக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று வருஷம் அது பரம சாது. கடையடைத்து வந்து பெட்டிக்குள் கையை வைத்தால், மெதுவாக ஏறி உள்ளங்கையில் உட்காரும். அன்றைக்கு எவன் எவன் என் உயிரை வாங்கினான் என்பதையெல்லாம் அதனிடம்தான் கொட்டுவேன். என்னை அதற்குத் தெரியும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள்.

போன தை மாதம் இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, மல்லாந்து படுத்துத் தோலுரித்தது. வெளியே வந்தது வேறு ஆள். நீளக் கால், ஒட்டிய வயிறு. மூடியைத் திறந்ததும் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டியது. மறுநாள் முதுகைத் திருப்பி, பின்னங்காலால் தன் மயிரைச் சுரண்டி என் மேல் வீசியது. கை தடித்து, மூன்று நாள் சொறிந்துகொண்டே ஜெராக்ஸ் எடுத்தேன். "உனக்கு என்னடி செஞ்சேன்?" என்று பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கொடிக்கால்காரருக்குப் போன் போட்டேன்.

"முன்னங்கால்ல கொக்கி மாதிரி ஏதும் தெரியுதாண்ணே?"

"தெரியுது."

"அப்ப அது ஆம்பளண்ணே. பருவத்துக்கு வந்துருச்சு. இனி மிஞ்சிப்போனா ஒரு வருஷம், அம்புட்டுதான்."

"அடப்பாவி! மூணு வருஷம் என் கையில உக்காந்துச்சேய்யா. என்னைய எப்படிய்யா மறந்துச்சு?"

"அதுக்கு உங்களத் தெரியவே தெரியாதுண்ணே. கை அசையாம இருந்துச்சு, உக்காந்துச்சு. இப்ப சோடி தேடுது. குறுக்க எது வந்தாலும் பயப்படும்."

அவரிடம் வளர்ந்த பொட்டை ஒன்று இருந்தது, அதோடு சோடி சேர்க்க இதைக் கொண்டுவரச் சொன்னார். பத்து நாள் நான் போகவில்லை. இருக்கிற ஒரு வருஷமும் என்னை முறைத்துக்கொண்டாவது என்னோடு இருக்கட்டும் என்று பிடிவாதம். அதுவோ இரை தொடாமல் கண்ணாடி ஓரமாகவே நடந்துகொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பொட்டையின் பெட்டியில் விட்டதும், என்னுடையது உடம்பை நடுக்கித் தரையில் முன்னங்காலால் தட்டியது. என் வீட்டிலும் இப்படித் தட்டும், என் மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். சற்று நேரத்தில் பொந்துக்குள்ளிருந்து திருப்பித் தட்டும் சத்தம் வந்தது.

எல்லாம் இரண்டு நிமிஷம். சேர்ந்து முடிந்ததும் பொட்டை ஆணையே தின்றுவிடுமாம்; அது பாய்வதற்குள் நீளக் குச்சியால் மறித்து, என்னுடையதைப் பிடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

"பய பொழச்சுக்கிட்டான். கூட்டிட்டுப் போங்கண்ணே. அடுத்த வாரம் கொண்டாங்க."

டப்பாவுக்குள் அது மறுபடியும் தட்ட ஆரம்பித்திருந்தது. நான் அதைப் பொட்டையின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இங்கயே இருக்கட்டும்யா. எங்க வீட்ல தட்டுனா, திருப்பித் தட்ட ஆளில்ல."