தண்டவாளத்தைக் குனிந்து பார்ப்பவர்

டூங்கபி ஸ்டேஷனில் காலை ரயிலுக்குக் காத்திருக்கும்போது அவரைப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்குக் குடிவந்தவர். வெள்ளை மீசை, எந்த வெயிலிலும் கழற்றாத ஸ்வெட்டர். ரயில் வரும் அறிவிப்பு கேட்டதும் மஞ்சள் கோட்டருகே போய்த் தண்டவாளத்தை ஒருமுறை குனிந்து பார்ப்பார்.

ஒருநாள் என் போனில் ஓடிய செய்தியை எட்டிப் பார்த்தார். இரு நாடுகளை இணைக்கும் ரயில் பாதையை யாரோ குண்டு வைத்துத் தகர்த்திருந்தார்கள். ஒரு நாடு மற்றதன் தூதரை அழைத்துக் கண்டித்திருந்தது. மற்றது தனக்குத் தெரியாது என்றிருந்தது.

"எங்கட பாதையும் சண்டையில போனதுதான். ஒரு தூதுவரையும் கூப்பிட்டு ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார்.

"யார் அங்கிள் உடைச்சாங்க? ஆர்மியா, இயக்கமா?"

"எல்லாரும்தான் பிள்ளை. மிஞ்சின தண்டவாளத்தை நானும் கழட்டினனான். பங்கர் குழிக்குக் கூரை போட வேற என்ன கிடந்தது? ஷெல் அடிக்கேக்க அதுக்குக் கீழதான் என்ர பிள்ளையள் படுத்திருந்ததுகள்."

அறிவிப்பு கேட்டது. வழக்கம்போலப் போய்க் குனிந்து பார்த்தார். குண்டு ஏதும் இருக்குமோ என்ற பழைய பயத்தில்தான் பார்க்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். கூரைக்கு ஆகுமா என்று பார்க்கிறவரும் இப்படித்தான் குனிவாரோ?